ஓவராயிலா, புதுசா? சைக்கிள் கேள்வி–பதில்

தினமும் வேலைக்கும் பள்ளிக்கும் ஓட்டுகிற சைக்கிளை ஓவராயில் செய்து, அதாவது முழுக்கப் பிரித்துச் சரி செய்து வைத்துக்கொள்வதா, தள்ளிவிட்டுப் புதிது வாங்குவதா? இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை இதைச் சுற்றிய கேள்விகள்தான். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம்.

என்னுடையது 22 இன்ச் ஃப்ரேம் ரோட்ஸ்டர், பழைய மாடல் சாதா வண்டி. வாங்கி 14 வருடம் ஆகிறது. தினமும் மில்லுக்குப் போக 6 கிலோமீட்டர், வர 6 கிலோமீட்டர். செயின் நழுவுகிறது, பின்சக்கரம் ஆடுகிறது, பிரேக் பிடிப்பதில்லை, இரண்டு டயரும் வெடித்துக் கிடக்கின்றன. கடைக்காரர் 3,200 ரூபாய் சொல்கிறார். "இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கிடலாமேப்பா" என்கிறாள் மகள். எது சரி?
– மன்னார்குடி வாசகர்

முதலில் அந்த 3,200 ரூபாயைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். எந்தச் சாமானுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக இருக்க வேண்டும். டயர், டியூப், பிரேக் கட்டை, செயின், ஃப்ரீவீல் (பின்சக்கரத்தின் பல்சக்கரம்), கோன் (சக்கர ஆக்சிலில் குண்டுகள் உருளும் கூம்பு), குண்டு எல்லாம் தேய்வதற்கென்றே உள்ள சாமான்கள். அவ்வப்போது ஒவ்வொன்றாக மாற்றியிருந்தால் கையைக் கடித்திருக்காது. மாற்றாமலே ஓட்டியதால் பல வருடப் பாக்கி ஒரே நாளில் வாசலில் வந்து நிற்கிறது. புது சைக்கிள் வாங்கினாலும் சில வருடங்களில் இதே பாக்கி ஏறத்தான் போகிறது. எனவே பட்டியல் நீளம் என்பதற்காக வண்டியைத் தள்ள வேண்டியதில்லை.

தீர்ப்புச் சொல்ல வேண்டியவை ஃப்ரேம், ஃபோர்க், இரண்டு ரிம், சக்கரங்களின் நடுவில் இருக்கும் இரண்டு ஹப். அவ்வளவுதான்.

ஃப்ரேமைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் நிறுத்துங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே பார்கள் வந்து சேரும் இடத்தின் அடிப்பக்கம், பெடல் ஆக்சில் ஓடும் பி.பி. கூட்டைச் சுற்றி, சீட் குழாயின் மேல்முனை, பின் ஆக்சில் பூட்டும் தகடுகள் – விரிசல் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் விடும். பெயின்ட் மேல் தலைமுடி போல ஒரு துருக்கோடு தெரிந்தால் அங்கே பெயின்டைச் சுரண்டிப் பாருங்கள். கோடு பெயின்டோடு போய்விட்டால் கவலையில்லை. உலோகத்திலும் தொடர்ந்தால் விரிசல். கீழ்ப் பாரின் முன்முனையில் பெயின்ட் சுருக்கம் விழுந்திருந்தால், எப்போதோ எதிலோ நேராக மோதி அங்கே குழாய் மடங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது கோணல். இதற்கு ஒரு நூல் போதும். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஆக்சில் உட்காரும் இடது தகட்டில் நூலைக் கட்டி, முன்னால் ஹேண்டில் உட்காரும் ஹெட் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து வலது தகட்டில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் ஸ்கேலால் அளந்தால், நேரான ஃப்ரேமில் இரண்டும் சமமாக இருக்கும். 2, 3 மி.மீ. வித்தியாசத்தோடு வாழலாம். அதைத் தாண்டினால் பின்சக்கரம் சாய்ந்து ஓடி, செயினும் டயரும் ஒரு பக்கமாகத் தேயும். இரும்பு ஃப்ரேமை அனுபவமுள்ள கடையில் நிமிர்த்திக் கொடுப்பார்கள்.

ஃபோர்க்கைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். அதன் மேல்பாதி ஹெட் குழாயின் கோட்டிலேயே இறங்கி, கீழே மட்டும் முன்னோக்கி வளைய வேண்டும். மேலேயே பின்பக்கமாக ஒடிந்த மாதிரி தெரிந்தால் அதை நிமிர்த்தச் சொல்லாதீர்கள், ஃபோர்க்கை மாற்றுங்கள். ஃபோர்க் ஒடிந்தால் முகம்தான் முதலில் தரையில் படும்.

ரிம்மை டயர் போட்டபடி பார்த்துச் சொல்ல முடியாது. டயர், டியூப், ரிம் நாடா மூன்றையும் எடுத்தால்தான், கம்பிகளை ரிம்மில் பூட்டும் நிப்பிள்களின் ஓட்டைகள் தெரியும். துரு அங்கேதான் பிடிக்கத் தொடங்கும். கம்பி பிரஷ் போட்டதும் போகிற துரு பரவாயில்லை. செதில் செதிலாக உரிந்து, ஓட்டை பெரிதாகி, நிப்பிளின் தலை உள்ளே இழுபட்டிருந்தால் அந்த ரிம் முடிந்தது. பள்ளத்தில் இறங்கி விளிம்பு சப்பிப்போன ரிம்மும் அப்படித்தான். பக்கவாட்டுக் கோட்டத்தை எடுக்கலாம், சப்பையை எடுக்க முடியாது.

பின்சக்கரம் "ஆடுகிறது" என்கிறீர்களே, எந்த ஆட்டம் என்று பாருங்கள். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, டயரைப் பிடித்து இடவலமாகத் தள்ளும்போது லொடலொட என்றால் கோன் தளர்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. தள்ளும்போது ஆடாமல் சுற்றும்போது மட்டும் நெளிந்தால் கோட்டம். சக்கரம் நேராகச் சுற்றி, பல்சக்கரம் மட்டும் லேசாகத் தள்ளாடினால் அது ஃப்ரீவீலின் சுபாவம், விட்டுவிடுங்கள்.

ஹப்பைப் பிரிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கோனின் பளபளப்பான பாதையில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் இருந்தால் கோனை மாற்ற வேண்டும். குண்டுகளையும் கூடவே மொத்தமாக மாற்றுங்கள். ரோட்ஸ்டரில் பின் ஹப்புக்கு 1/4 இன்ச் குண்டு பக்கத்துக்கு 9, முன் ஹப்புக்கு 3/16 இன்ச் குண்டு பக்கத்துக்கு 10. பழைய குண்டுகளோடு இரண்டு மூன்று புதியதைக் கலந்து போட்டால் பெரிதாக இருக்கும் புதிய குண்டுகளே மொத்தப் பாரத்தையும் தாங்கும். கோன் மறுபடி சீக்கிரம் குழி விழும். கோன், குண்டு, கிரீஸ் மூன்றும் பட்டியலில் மிகச் சின்னத் தொகை. ஹப்புக்குள் இருக்கும் கப்பிலேயே குழி விழுந்திருந்தால்தான் கணக்கு மாறுகிறது. ஹப்பை மாற்றினால் கம்பிகள் எல்லாவற்றையும் பிரித்துக் கோக்க வேண்டும். பழைய ரோட்ஸ்டரில் பின்னால் 40 கம்பி, முன்னால் 32. அரை நாள் வேலை அது.

இனி கணக்கு. ஃப்ரேம், ஃபோர்க், ரிம், ஹப் கப் எல்லாம் நன்றாக இருந்தால் யோசிக்காமல் ஓவராயில் செய்யுங்கள். ஒரு ரிம் மட்டும் போயிருந்தாலும் ஓவராயில்தான். இரண்டு ரிம்மும் ஒரு ஹப்பும் போயிருந்தால், ரிப்பேர்த் தொகை புது வண்டி விலையில் பாதியைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். இந்தக் கணக்கில் டயர், டியூப் விலையைச் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் கட்சி. அது வண்டிக்கான செலவு அல்ல, ஓட்டுகிற தூரத்துக்கான செலவு. புது வண்டியின் விலையையும் ஒழுங்காகக் கேளுங்கள். கேரியர், ஸ்டாண்ட், மட்கார்டு, செயின் கவர், பூட்டு, பெல் எல்லாம் சேர்த்த விலையா, வெறும் வண்டி விலையா? மகள் சொல்லும் "இன்னும் கொஞ்சம்" பெரும்பாலும் அங்கேதான் வளரும்.

செயின் தேய்ந்துவிட்டது என்று போன மாதம் புதுச் செயின் போட்டேன். போட்ட நாளிலிருந்து மேட்டில் அழுத்தி மிதித்தால் "டக்" என்று நழுவுகிறது. பழைய செயினே இப்படிச் செய்யவில்லை. செயின் மட்டமானதா?
– திண்டுக்கல் வாசகி

செயின் மேல் தப்பில்லை. ஃப்ரீவீல் பல் தேய்ந்திருக்கிறது.

"செயின் நீண்டுவிட்டது" என்பார்கள். உண்மையில் தகடுகள் இழுபடுவதில்லை. ஒவ்வொரு கணுவிலும் உள்ள பின் என்ற குட்டி ஆணியும் அது சுழலும் துளையும் தேய்கின்றன. நூற்றுச் சொச்சம் கணுக்களில் மயிரிழை மயிரிழையாகச் சேரும்போது மொத்த நீளம் கூடுகிறது. நீண்ட செயின் பல்லின் உச்சியை நோக்கி ஏறி உட்காரும். பல்லும் அதற்கேற்றபடி ஒரு பக்கம் சாய்ந்து, சுறாத் துடுப்பு மாதிரி ஆகிவிடும். பழைய செயினும் பழைய பல்லும் சேர்ந்தே தேய்ந்ததால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. இப்போது சரியான அளவுள்ள புதுச் செயின் அந்தக் கோணல் பல்லில் உட்கார முடியாமல் குதிக்கிறது. இப்படியே ஓட்டினால் புதுச் செயினும் சீக்கிரம் கெட்டுப்போகும். ஃப்ரீவீலை உடனே மாற்றுங்கள்.

இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஓர் இரும்பு ஸ்கேல் போதும். ஒரு கணுவின் பின்னுடைய நடுவிலிருந்து 24 கணு எண்ணி அளக்க வேண்டும். புதுச் செயினில் அது சரியாக 12 இன்ச், அதாவது 305 மி.மீ.க்கு ஒரு நூலிழை குறைவு. 306.5 ஆகும்போது செயினை மட்டும் மாற்றினால் ஃப்ரீவீல் பிழைத்துக்கொள்ளும். 308 ஆகிவிட்டால், அதாவது 12 இன்ச்சுக்கு மேல் 1/8 இன்ச் கூடிவிட்டால், செயினோடு ஃப்ரீவீலையும் சேர்த்து வாங்குங்கள். முன்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்தில் பற்கள் அதிகம், தேய்மானம் பரவலாக விழும். பொதுவாக அது இரண்டு மூன்று செயின்களைப் பார்த்துவிடும்.

ஃப்ரீவீலைக் கழற்றுவதில் ஒரு எச்சரிக்கை. மிதிக்க மிதிக்க அது தானாகவே இறுகும் மரையில் இருக்கிறது. பல வருடம் ஆனது லேசில் கழலாது. கழற்றும் கருவியை வைஸில் பிடித்து, சக்கரத்தையே கைப்பிடி மாதிரித் திருப்ப வேண்டும். ஹப்பையும் மாற்றுவதாக இருந்தால்கூடக் கம்பிகளைப் பிரிப்பதற்கு முன்பே ஃப்ரீவீலைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். கம்பி இல்லாத ஹப்பில் பிடித்துத் திருப்ப எதுவும் இருக்காது.

புதியதைப் பூட்டியதும் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அரை இன்ச் ஆட்டம் இருக்க வேண்டும். அதைவிட இறுக்கினால் ஹப் கோன் தேயும், தளர்த்தினால் செயின் கழலும். எண்ணெயைக் கணுக்களுக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளியே வழிவதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். வெளியில் ஒட்டியிருக்கும் எண்ணெய் மண்ணைச் சேர்த்து அரைக்கத்தான் உதவும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும். பழைய இன்ஜின் ஆயிலில் ஏற்கெனவே அழுக்கும் உலோகத்தூளும் கலந்திருக்கின்றன. இரண்டும் வேண்டாம்.

மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை "டொக்" என்கிறது. பெடல் ஒரு இடத்தில் சறுக்கி விழுவது மாதிரி இருக்கிறது. பி.பி. செட் முழுக்க மாற்ற வேண்டும் என்கிறார்கள்.
– விருதுநகர் வாசகர்

முழு செட்டை மாற்றுவதற்கு முன் காட்டர் பின்னைப் பாருங்கள். கிராங்க்கையும் ஆக்சிலையும் இணைக்கும் ஆப்பு மாதிரிப் பின் அது. ஒரு பக்கம் சப்பையாக இருக்கும். அந்தச் சப்பை, ஆக்சிலில் வெட்டியிருக்கும் தட்டையான இடத்தில் அழுந்திப் பிடிக்கிறது. பிடிப்பு தளர்ந்ததும் சுற்றுக்கு ஒரு தரம் கிராங்க் நழுவி உட்காரும். அதுதான் "டொக்".

ஒரு கிராங்க்கை முன்னால் தரைக்குச் சமமாக நிறுத்தி, இரண்டு பெடலையும் கையால் கீழே அழுத்துங்கள். பிறகு அரைச்சுற்று திருப்பி மறுபடி அழுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் விட்டுக்கொடுத்தால் அந்தப் பக்கப் பின்தான். இரண்டு கிராங்க்கும் சேர்ந்து பக்கவாட்டில் ஆடினால் பி.பி. கப், ஆக்சில், குண்டுகளைப் பார்க்க வேண்டும்.

பின்னை மாற்றுவதில் நடக்கும் தவறு, நட்டை முறுக்கியே பின்னை உள்ளே இழுக்கப் பார்ப்பது. அந்த மரை அவ்வளவு பலத்துக்கானது அல்ல, அறுந்துவிடும். கிராங்க்குக்கு அடியில் கனமான குழாயையோ மரக்கட்டையையோ முட்டுக் கொடுத்து, பின்னைச் சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டும். நட்டு அதைப் பிடித்து வைப்பதற்கு மட்டுமே. முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் பி.பி. குண்டுகள் மேல் விழுந்து கப்பில் குழி போடும். பிறகு நிஜமாகவே செட் மாற்ற வேண்டியதாகிவிடும். இரண்டு கிராங்க்கும் ஒரே நேர்க்கோட்டில் வராவிட்டால் பின்னின் சப்பையை அரம் போட்டுச் சரி செய்வார்கள். 20, 30 கிலோமீட்டர் ஓட்டியதும் மறுபடி ஒரு தட்டுத் தட்டி, நட்டை இறுக்குங்கள். நிறையப் பேர் இதை விட்டுவிட்டு, "புதுப் பின்னும் நிற்கவில்லை" என்று திரும்பி வருவார்கள். தளர்ந்த பின்னோடு மாதக்கணக்கில் ஓட்டியிருந்தால் கிராங்க்கின் ஓட்டையே நீள்வட்டமாகியிருக்கும். அப்போது கிராங்க்கையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

நீங்களே பிரிப்பதாக இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: இடது பெடலும் வலதுபக்க பி.பி. கப்பும் தலைகீழ் மரை. வழக்கமான பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும்.

மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள் மூன்று வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. இப்போது தம்பி ஓட்டப்போகிறான். காற்று அடித்தால் மட்டும் போதுமா?
– அரியலூர் வாசகி

போதாது, ஆனால் செலவும் அதிகம் ஆகாது. நின்றுபோன வண்டியில் கெடுவது ரப்பரும் கிரீஸும். காற்றில்லாமல் ஒரே இடத்தில் பாரம் தாங்கி நின்ற டயரின் பக்கச்சுவரைப் பிதுக்கிப் பாருங்கள். வெடிப்புக்குள் நூல் தெரிந்தால் மாற்றுங்கள். மேலோட்டமான கீறல் என்றால் காற்றடித்து ஒரு நாள் விட்டு, எங்காவது புடைக்கிறதா என்று பாருங்கள். வால் டியூப் எனப்படும் சின்ன ரப்பர் குழாய் கட்டாயம் உளுத்திருக்கும். அதை மாற்றாமல் டியூபைப் பஞ்சர் என்று சொல்லாதீர்கள்.

ஹப்பிலும் பி.பி.யிலும் இருக்கும் கிரீஸ் மெழுகு மாதிரி இறுகியிருக்கும். மேலே எண்ணெய் விட்டுச் சமாளிக்காமல் பிரித்துக் கழுவிப் புதுக் கிரீஸ் வைத்தால், அந்த வண்டி தம்பி படிப்பு முடியும்வரை பெரிதாகத் தொந்தரவு தராது. ஃப்ரீவீலுக்குள் மட்டும் கிரீஸ் வேண்டாம், இளகின எண்ணெய்தான். உள்ளே பல்லில் மாட்டும் சின்ன நாக்குகள் கிரீஸில் ஒட்டிக்கொண்டால் மிதி வெறுமனே சுற்றும். செயினில் துரு பிடித்து மடங்காமல் நிற்கும் கணுக்கள் இருந்தால் எண்ணெயில் ஓர் இரவு ஊறப்போட்டு வளைத்துப் பாருங்கள். அப்போதும் இளகாவிட்டால் புதிது.

இன்னொன்று. அதிகம் ஓடாத வண்டி என்பதால் ஒரு நட்டும் இரண்டாம் தடவை இறுக்கப்பட்டிருக்காது. சக்கர நட்டு, ஹேண்டில், சீட், கிராங்க், பிரேக் எல்லாவற்றையும் ஒரு சுற்று இறுக்கச் சொல்லுங்கள்.

ஃப்ரேமில் விரிசல். வெல்டிங் வைத்தால் நிற்குமா?
– ஈரோடு வாசகர்

இடத்தைப் பொறுத்தது. பின் தகட்டருகே, கேரியர் தாங்கி, மட்கார்டு கம்பி பூட்டும் இடங்களில் கேஸ் வெல்டிங்கில் பித்தளை ஓட்டிப் பற்றவைக்கலாம். பழைய ரோட்ஸ்டரின் மூட்டுகளே அப்படிப் பற்றவைத்தவைதான். தெருமுனை ஆர்க் வெல்டிங் வேண்டாம். மெல்லிய குழாய் ஓட்டையாகும்; ஆகாவிட்டாலும் பற்றுக்குப் பக்கத்திலேயே மறுபடி விரிசல் விடும். ஹெட் குழாய்ப் பக்கம், ஃபோர்க், ஹேண்டில் தண்டு ஆகியவற்றில் எந்த வெல்டிங்கும் வேண்டாம். அலுமினிய ஃப்ரேமில் எங்கே விட்டாலும் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

வீடு கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர். இரண்டு வருடத்துக்கு ஒரு ரிம் துருப்பிடித்துப் போகிறது. அலுமினிய ரிம் போட்டால் தீருமா? பழைய ராடு பிரேக் வண்டி.
– நாகப்பட்டினம் வாசகர்

ரிம் துருப்பிடிக்காது. ஆனால் பிரேக் பிடிக்காது. ராடு பிரேக் கட்டைகள் ரிம்மின் பக்கத்தை அமுக்குவதில்லை. ஹப்பைப் பார்த்த உள்முகத்தின் இரண்டு ஓரங்களில் அமுக்குகின்றன. அதற்காகவே ரோட்ஸ்டர் ரிம்மில் நடுவில் மேடும், இரு ஓரத்திலும் தட்டையான பாதையும் வைத்திருக்கிறார்கள். சாதாரண அலுமினிய ரிம்மில் அந்தப் பாதை கிடையாது. மாற்றினால் ரிம்மை இரு பக்கமும் கவ்வும் காலிப்பர் இரண்டு, கேபிள், லீவர் எல்லாம் சேர்ந்து மாற வேண்டும். ஃபோர்க்கிலும் பின்பாலத்திலும் காலிப்பர் பூட்ட ஓட்டை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்கிற அளவுக்குப் போனால் கேபிள் பிரேக், அலுமினிய ரிம் உள்ள வேறு வண்டி வாங்குவதே மேல் என்போம். கடலோரத்துக்கு மட்டும் எங்கள் தராசு புதிதின் பக்கம் சாய்கிறது. மழையில் இரும்பு ரிம்மில் பிரேக் வழுக்கும் என்பதும் சேர்த்து எடை போட வேண்டிய விஷயம். நனைந்த இரும்பு ரிம்மைவிட நனைந்த அலுமினிய ரிம் தெளிவாகவே நன்றாகப் பிடிக்கும்.

பழையதையே வைத்துக்கொள்வதானால் வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவித் துடைத்து, கம்பிகளிலும் நிப்பிள்களிலும் எண்ணெய்த் துணியை ஓட்டுங்கள். பிரேக் படும் பாதையில் மட்டும் எண்ணெய் படக்கூடாது. சீட் கம்பியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை உருவி, கிரீஸ் தடவிப் போடுங்கள். விட்டால் அது குழாயோடு ஒன்றாகிவிடும். பிறகு சீட்டை ஏற்றவும் முடியாது இறக்கவும் முடியாது.

ஆறு வருடத்துக்கு முன் வாங்கிய 21 கியர் வண்டி. முன்னாலும் பின்னாலும் சஸ்பென்ஷன். ஓட்டுவது இரண்டே கியரில்தான். கியரை எடுத்துவிட்டுச் சாதா வண்டியாக்கிக்கொள்ளலாமா?
– மதுரை வாசகர்

ஆக்கலாம், ஆனால் உங்கள் வண்டிக்கு வேண்டாம். பின் சஸ்பென்ஷன் இருப்பதால் பின்சக்கரம் ஏறி இறங்கும்போது பெரும்பாலான அமைப்புகளில் செயினின் நீளத் தேவை மாறும். கியர் வண்டியில் அந்தத் தளர்ச்சியை, செயினைப் பல்சக்கரம் மாற்றிவிடும் டீரெய்லர் என்ற ஸ்பிரிங் கை வாங்கிக்கொள்கிறது. அதை எடுத்துவிட்டால் செயின் கழன்றுகொண்டே இருக்கும். தவிர, மலிவான பின் சஸ்பென்ஷனின் மூட்டுப் புஷ் ஆறு வருடத்தில் தேய்ந்திருக்கும். சீட்டைப் பிடித்துப் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஹப் ஆடாமல் மூட்டு ஆடினால், பொருந்துகிற புஷ் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதிகச் செலவில்லாமல் ஓட்டித் தீர்த்துவிட்டு, அடுத்ததாகச் சஸ்பென்ஷன் இல்லாத வண்டி வாங்குங்கள். தார் ரோட்டில் வேலைக்குப் போகிறவருக்கு அந்த ஸ்பிரிங்குகள் சுமை மட்டுமே. மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும்.

பின் சஸ்பென்ஷன் இல்லாத கியர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு: ஆக்சில் உட்காரும் வெட்டு கிடைமட்டமாக இருந்தால் மாற்றலாம், ஏனென்றால் சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை இறுக்க முடியும். நேர்செங்குத்தான வெட்டு என்றால் முடியாது. மரையில் பூட்டும் ஏழு பல்சக்கர ஃப்ரீவீல் இருந்த ஹப்பில் ஒற்றை ஃப்ரீவீலும் பூட்டும். ஆனால் அது முன்பல்லுக்கு நேரே வர, ஆக்சிலின் வாஷர்களை இடம் மாற்றிக் கம்பிகளை மறுபடி இழுக்க வேண்டியிருக்கும். இதைச் சொல்லாமல் கழற்றி மாட்டித் தருகிற கடையில் செய்ய வேண்டாம். கியர் செயின் ஒடுக்கமானது, 3/32 இன்ச். ஒற்றைப் பல்சக்கரச் சாமான்கள் பெரும்பாலும் 1/8 இன்ச். ஒடுக்கச் செயின் 1/8 பல்லில் உட்காராது.

28 இன்ச் டயர் என்று கேட்டு வாங்கினேன். ரிம்மில் ஏறவில்லை.
– கரூர் வாசகர்

"28 இன்ச்" என்ற பெயரில் இரண்டு அளவு விற்கிறது. ரோட்ஸ்டரின் 28 × 1½ டயருக்கு உள்விட்டம் 635 மி.மீ.; புதுமாடல் 700 சி டயருக்கு 622. 26 இன்ச்சிலும் இப்படித்தான்: 26 × 1⅜ என்றால் 590, தடித்த 26 × 2.125 என்றால் 559. ஒன்று மற்றொன்றில் ஏறாது, ஏறினாலும் நிற்காது. பழைய டயரின் ஓரத்தில் 40-635, 37-590 என்பது போல ஓர் எண் அச்சாகியிருக்கும். இன்ச்சை விட்டுவிட்டு அந்த இரண்டாம் எண்ணைச் சொல்லி வாங்குங்கள்.

பழைய ரோட்ஸ்டரில் மோட்டார் கிட் போடலாமா?
– ஓசூர் வாசகர்

250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருந்தால் பதிவும் லைசென்சும் தேவையில்லை என்பது வரை சரி. ஆனால் ராடு பிரேக்கை நம்பி அந்த வேகத்தில் பாரத்தோடு போவது சரியல்ல. முன் ஹப் மோட்டார் ஃபோர்க் முனையை விரிக்கும். ஆக்சில் தானே திரும்பி ஒயரை அறுக்கும். போட்டே ஆக வேண்டும் என்றால் ஆக்சில் திரும்பாமல் தடுக்கும் தகடு, காலிப்பர் அல்லது டிஸ்க் பிரேக், புது ஃபோர்க் மூன்றும் வேண்டும். அவற்றின் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்பாவுக்கு 66 வயது. 24 இன்ச் வண்டி, போன வருடம்தான் முழு ஓவராயில் செய்தது. ஏறி இறங்கும்போது தடுமாறுகிறார். புதிது வேண்டாம் என்கிறார்.
– கும்பகோணம் வாசகர்

வண்டி நன்றாக இருந்தும் மாற்ற வேண்டிய சந்தர்ப்பம் இது ஒன்று. செருப்போடு இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படும்படி பாருக்கு மேலே நின்றால், பாருக்கும் உடலுக்கும் இடையே குறைந்தது ஓர் இன்ச் இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃப்ரேம் அவருக்கு உயரம். சீட்டை இறக்குவதால் இது தீராது, பார் இறங்காதே. காலைப் பின்னால் தூக்கிப் போட வேண்டியிராத, குறுக்குப் பார் இல்லாத லேடீஸ் ஃப்ரேம் வண்டியைப் பாருங்கள். "லேடீஸ் வண்டியா" என்று முறுக்கிக்கொள்வார். தபால்காரர் பலர் ஓட்டியது அதுதான் என்றெல்லாம் கதை விட வேண்டாம். கடைக்கே கூட்டிப்போய் ஒரு சுற்று ஓட்டச் சொல்லுங்கள்.

பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதீர்கள். போன வருடம் போட்ட செயின், ஃப்ரீவீல், டயருக்கு அங்கே மதிப்புக் கொடுக்க மாட்டார்கள். தெருவில் உயரமான யாராவது வாங்கிக்கொள்வார்கள். புது வண்டியைக் கடையில் பூட்டிக் கொடுத்த பிறகு, முதல் 50 கிலோமீட்டரில் கம்பிகள் உட்கார்ந்து கோட்டம் விழும், கிராங்க் தளரும். அந்த ஒரு தரம் திரும்ப எடுத்துப்போய்க் கோட்டம் எடுத்து, எல்லா நட்டையும் இறுக்கித் தருவதற்குக் கூலி வாங்குவாரா மாட்டாரா என்பதை வாங்கும்போதே பேசிவிடுங்கள்.